ஊருக்கடியில் ஒரு கடல்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என மனைகளாகிவிட்ட நம் நிலத்துக்குச் சற்று மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் களிப்பாறைகளில் செடிகளின் இலைப்பதிவுகளோடு அம்மோனைட்டு எனும் கடலுயிரியின் பதிவுகளும் கிடைத்துள்ளன. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்குமுன் இங்கே அலையடித்தது.

அது பின்வாங்கியதை எப்படி அறிந்தோம்? கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்று 1669-இல் எழுதிய டென்மார்க்கு நாட்டு நிக்கோலாஸ் ஸ்டெனோவின் விதியே வழிகாட்டி. (இவர் 1675-இல் குருவாகி, 1677-இல் ஆயரானார், 1988-இல் அருளாளர் பட்டம் பெற்றார். அறிவியலுக்கும் விசுவாசத்துக்கும் பகை என்போர் இவரை அறியார் போலும்!) அமைதியான நீர் களியைப் படியவைக்கும், விரைந்தோடும் ஆறோ கல்லை உருட்டி வரும். இங்கே களிப்பாறைக்கு மேல் கிடப்பது சத்தியவேட்டுக் கூழாங்கல் அடுக்கு.

அக்கற்கள் எங்கிருந்து வந்தன? திருத்தணி கடந்து செல்லும் ரயிலில் நாம் காணும் நகரி மலைத்தொடர் போன்ற குவார்ட்சைட்டு மலைகளிலிருந்துதான். அவையும் நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னரே நீரில் படிந்த மணல்தான். இறுகிக் கல்லாகி, நிலம் உயர்ந்தபோது மலையாயின.

பூண்டிக்கருகே அல்லிக்குழி மேடுகளில் இக்கூழாங்கற்கள் திரண்டுள்ளன. இத்தகைய கற்களையே கொற்றலையாற்றுப் படுகையின் அத்திரம்பாக்கத்தில் ஆதிமனிதர் கைக்கோடரியாக்கினர். இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் அவற்றைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றுள் மூத்தவற்றுக்கு 15 லட்சம் ஆண்டு வயது கணித்தது.

நம் மனைகளை மேடாக்கக் கொட்டும் சரளையிலும் அத்தகைய கல் கலந்து வரலாம். லாரியில் அள்ளிய கணமே அடுக்கு கலைந்துவிடுகிறது. எது கீழ், எது மேல் என்று பிறகு ஸ்டெனோவாலும் சொல்ல இயலாது.