அஞ்சடியும் லயமும்: ஜார்ஜ்டவுன் பழைய வீடுகளும் தென்கெடாத் தோட்டக் குடியிருப்புகளும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றுக்குச் சான்று தேடும்போது நாம் பெரும்பாலும் கோயில்களையும் பள்ளிகளையும் சங்கங்களையும் இதழ்களையும் நாடுகிறோம். மக்கள் குடியிருந்த வீடுகளைச் சான்றாகக் கொள்வது குறைவு. எனினும் ஒரு சமூகம் எவ்வாறு வாழ்ந்தது, யாருக்கு அடங்கி வாழ்ந்தது, எவ்வளவு காலம் ஓரிடத்தில் நிலைக்க முடிந்தது ஆகியவற்றை வீடுபோல் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்தில் அமைந்த ஊர் பாடாங் செராய். அங்கிருந்து பட்டர்வொர்த் படகுத்துறைக்கு ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். நீரிணையைக் கடந்தால் ஜார்ஜ்டவுன். இவ்விரண்டு இடங்களிலும் தமிழர் வாழ்ந்த வரலாறு உண்டு. நகரில் அவர்கள் வாழ்ந்த தெருக்களும் வீடுகளும் இன்று உலகப் பாரம்பரியச் சொத்தாகக் காக்கப்படுகின்றன. தோட்டத்தில் அவர்கள் வாழ்ந்த லயங்களோ பெரும்பாலும் மறைந்துவிட்டன. இவ்வேறுபாட்டுக்குப் பழமையும் அழகுமே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. குடியிருந்தோரின் உரிமை எத்தகையதாக இருந்தது என்பதே முதன்மைக் காரணம் என இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

கெடாவிலிருந்து பிரிந்த நிலம்

பினாங்குத் தீவு கெடா சுல்தானின் ஆட்சிக்குட்பட்டதாக இருந்தது. 1786 ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் அதனைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். எதிர்க்கரையிலிருந்த நிலப்பகுதியும் 1800-இல் கம்பெனியின் வசமாகி, வெல்லஸ்லி மாநிலம் எனப் பெயர் பெற்றது. கெடா 1909-ஆம் ஆண்டின் பாங்காக் உடன்படிக்கை வாயிலாகப் பிரிட்டிசாரின் செல்வாக்குக்குட்பட்டது. அதன்பின் தென்கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் விரிவடைந்தன.

இவ்வரலாற்றில் பினாங்குத் துறைமுகம் தமிழருக்கு வாயிலாக விளங்கியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் முதலில் இறங்கிய மலாயாத் துறை அதுவே. வணிகர்களும் துறைமுகத் தொழிலாளரும் நகரிலேயே தங்கினர். கங்காணி முறையில் அழைத்து வரப்பட்டவர்கள் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒரே கப்பலில் வந்தோர் இருவகை வீடுகளுக்குப் பிரிந்து சென்றனர் என்பதை நாம் மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

சூலியா தெரு வட்டாரம்

சூலியர் என்ற பெயர் தமிழ் முசுலிம் வணிகரையும் கடலோடிகளையும் பெரும்பாலும் குறித்தது. நகரின் தொடக்க காலத் தெருக்களுள் ஒன்று அவர்கள் பெயராலேயே அமைந்தது. 1801-இல் அச்சமூகத்தின் தலைவராகிய காதர் முகைதீன், கம்பெனி அளித்த நிலத்தில் பள்ளிவாசலை நிறுவினார். அவர் வகித்த பதவியின் பெயராலேயே அது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என வழங்குகிறது. அதன் அருகில், சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் நாகூர் தர்கா அமைந்துள்ளது. குயின் தெருவில் 1833-இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயில் பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயிலாகும். பினாங்குத் தெருவில் நகரத்தார் தம் கிட்டங்கிகளை அமைத்துக் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினர். மார்க்கெட் தெருவைத் தமிழர் கடைத்தெரு என்றே அழைத்தனர்.

இவை யாவும் சில நிமிட நடைத் தொலைவுக்குள் அடங்கியவை. வழிபாட்டிடம், தொழிலிடம், குடியிருப்பு என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதே இவ்வட்டாரத்தின் சிறப்பு.

கடைவீட்டின் அமைப்பு

இங்குள்ள வீடுகளுட் பெரும்பாலானவை கடைவீடுகள். கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்தவை இவை. முகப்பு குறுகியும் உட்பகுதி நீண்டும் இருக்கும். காற்றும் வெளிச்சமும் புகுவதற்கு நடுவில் திறந்த முற்றம் விடப்பட்டிருக்கும். செங்கற் சுவரும் சுண்ணாம்புச் சாந்தும் சுட்ட களிமண் ஓடும் மரத்தளமும் இவற்றின் கட்டுமானக் கூறுகள். சுண்ணாம்புப் பூச்சு, சுவரில் ஏறும் ஈரத்தை வெளியேறவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் நைந்துவிடும். பழைய வீடுகளைப் புதுப்பிப்போர் மீண்டும் சுண்ணாம்பையே நாடுவது இதனால்தான்.

முகப்பின் முன்னே வரிசை முழுவதும் தொடர்ந்து செல்லும் நடைவழியைத் தமிழர் ‘அஞ்சடி’ என்றனர். ஐந்தடி அகலம் என்ற கணக்கிலிருந்து பிறந்த சொல் அது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடமாகவும், சிறு வணிகரின் கடையாகவும், இரவில் படுக்கையாகவும் அஞ்சடி பயன்பட்டது. வீடு தனியாருடையது, அஞ்சடியோ ஊராருடையது. இச்சொல்லில் ஒரு வாழ்க்கை முறையே பதிவாகியுள்ளது.

வீடுகளைக் காத்த வாடகைச் சட்டம்

இவ்வளவு பெரிய வட்டாரம் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை இடிபடாமல் நின்றது எங்ஙனம்? 1969-இல் தீவின் தீர்வையற்ற துறைமுகத் தகுதி நீங்கியதால் ஏற்பட்ட வணிகத் தளர்ச்சி ஒரு காரணம். அதனினும் வலிய காரணம் வாடகைக் கட்டுப்பாடு. போருக்குப் பிந்திய வீட்டுத் தட்டுப்பாட்டில் பிறந்த இவ்வேற்பாடு 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக நிலைபெற்றது. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு அது பொருந்தியது. வாடகை மிகத் தாழ்ந்த அளவில் நிறுத்தப்பட்டது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்ற இயலாது. ஆதலால் உரிமையாளருக்கு வீட்டைச் செப்பனிடும் ஊக்கமும் இல்லை. இடித்துப் புதிதாகக் கட்டும் வாய்ப்பும் இல்லை.

விளைவு இருவகைப்பட்டது. கூரைகள் ஒழுகின, ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. ஆயினும் தெரு தன் மக்களோடு நிலைத்தது. தையற்காரர், பூக்கட்டுவோர், நகைசெய்வோர், உணவுக்கடைக்காரர் முதலியோர் குறைந்த வாடகையில் தொழிலிடத்தின் மேலேயே வாழ முடிந்தது. பாரம்பரியத்தைக் காக்கும் நோக்கம் எதுவுமின்றி இயற்றப்பட்ட ஒரு சட்டம், பாரம்பரியத்தைக் காத்தது. அரசு நிலத்தைக் கையகப்படுத்திய இடத்தில் இக்காப்பு செல்லுபடியாகவில்லை. 1974-இல் தொடங்கிய கொம்தார் கட்டடத் திட்டத்திற்காகப் பழைய கடைவீட்டு வரிசைகள் பல அகற்றப்பட்டமை இதற்குச் சான்று.

வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997-இல் நிறைவேறியது. இடைக்காலச் சலுகை முடிந்து 2000-ஆம் ஆண்டு தொடங்கியபோது, பினாங்கில் ஏறத்தாழ 12,000 கட்டடங்கள் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. வாடகை பன்மடங்கு உயர்ந்தது. தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன.

பாரம்பரியத் தகுதியும் குடியிருப்போரும்

2008 சூலை 7-ஆம் நாள் யுனெஸ்கோ, மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்களாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஜார்ஜ்டவுனின் மையப் பகுதி 109.38 ஹெக்டர், அதைச் சூழ்ந்த காப்புப் பகுதி 150.04 ஹெக்டர். மையப் பகுதியில் கட்டடங்களின் உயரம் 18 மீட்டருக்கு வரையறுக்கப்பட்டது. 1986 முதல் இயங்கும் பினாங்குப் பாரம்பரிய அறநிறுவனத்தின் தொடர்ந்த உழைப்பும் இத்தகுதிக்கு அடிப்படையாக அமைந்தது. 2016-இல் இப்பகுதிக்குரிய சிறப்புத் திட்டம் அரசிதழில் வெளியாகிச் சட்ட வலிமை பெற்றது.

யுனெஸ்கோவின் அளவுகோல்களுள் ஒன்று, பல பண்பாடுகள் அருகருகே வாழும் மரபுக்கு இந்நகரங்கள் உயிருள்ள சான்று என்பதாகும். வாழ்வோர் இன்றி அச்சான்று நில்லாது. ஆனால் மையப் பகுதியின் குடிமக்கள் 2009-இல் 10,100-க்குச் சற்று மேலாக இருந்து, 2013-இல் 9,400 அளவுக்குக் குறைந்தனர். பழைய வீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் சிற்றுண்டிச் சாலைகளாகவும் மாறின. சட்டம் சுவரையும் கூரையையும் காத்தது. வாடகை செலுத்திய குடும்பத்தைக் காக்கவில்லை. முன்னர் வீடு நைந்தது, மக்கள் நிலைத்தனர். பின்னர் வீடு பொலிந்தது, மக்கள் அகன்றனர்.

அறக்கட்டளைச் சொத்துகள்

இவ்விரு நிலைகளுக்கும் அப்பால் மூன்றாவதொரு வழியும் இவ்வட்டாரத்தில் உண்டு. அது அறக்கட்டளை. பினாங்குத் தெருவில் நகரத்தாரின் கோயில் வீடு நிற்கிறது. தைப்பூசத்தின்போது வெள்ளி இரதம் அங்கிருந்தே தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுகிறது. 1894 முதல் ஓடிவரும் இரதம் அது. அவ்வீட்டைக் காப்பது ஆண்டுதோறும் நிகழும் பயன்பாடும் அதற்குரிய பொது உடைமையுமே ஆகும். விற்கும் உரிமை தனியொருவரிடம் இல்லாத வீடு சந்தை விலையின் ஏற்றத்தால் எளிதில் பெயர்க்கப்படுவதில்லை.

அறக்கட்டளையும் குறையற்றதன்று. 1905-ஆம் ஆண்டின் சட்டத்தால் முசுலிம், இந்து அறக்கொடைகளை நிருவகிக்கும் வாரியம் அமைந்தது. அதன் காலத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சூழ்ந்திருந்த பழைய குடியிருப்புகள் அகற்றப்பட்டு, ஒழுங்கான கடைவீட்டு வரிசைகள் எழுந்தன. இன்று நாம் பாரம்பரியமெனப் போற்றும் வரிசைகளுட் சில, அதற்கு முந்திய குடியிருப்பொன்றின் மீது நிற்பவை. இவ்வரலாற்றைக் கலாமண்டபம் போலன்றி மக்கள் வாழ்விடமாக ஆராய்ந்த நூல், 2014-இல் கூ சல்மா நாசுத்தியோன் வெளியிட்ட பினாங்குச் சூலியர் பற்றிய ஆய்வாகும்.

பாடாங் செராய் வட்டார லயங்கள்

இனித் தோட்டத்திற்கு வருவோம். லயம் என்பது தொழிலாளருக்காக நிருவாகம் கட்டிய வரிசை வீடு. ஒரே கூரையின்கீழ்த் தடுப்புச் சுவர்களால் பிரிக்கப்பட்ட சிறு அறைகளும் முன்புறத் திண்ணையும் பின்புற அடுப்படியும் அதன் பொது அமைப்பு. லயத்தைச் சுற்றிப் பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, தண்ணீர்க் குழாய், கோயில், பள்ளி. சற்று உயர்ந்த இடத்தில் துரையின் பங்களா. கடைவீட்டின் அஞ்சடி ஊரைத் தெருவோடு இணைத்தது போல, லயத்தின் திண்ணை ஒரு குடும்பத்தை மற்றொன்றோடு இணைத்தது.

ஆயினும் அடிப்படையில் ஒரு வேறுபாடு இருந்தது. கடைவீட்டுக் குடியிருப்பாளர் வாடகை செலுத்தினார். ஆதலால் சட்டத்தின் கண்ணில் அவர் குடிவாரதாரர். லயத்துத் தொழிலாளி வாடகை செலுத்தவில்லை. வேலையோடு வந்த வீடு வேலையோடு போயிற்று. ஓய்வு பெற்றாலும் தோட்டம் கைமாறினாலும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. 1966-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்பாளருக்கு வாடகைச் சட்டத்தைத் தந்தது. அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்ச வசதிகளை வரையறுக்கும் சட்டமும் பிறந்தது. முன்னது குடியிருப்போரை இருக்கையில் நிறுத்தியது. பின்னது சுவர், நீர், சுகாதாரம் ஆகியவற்றைப் பேசியது. தொடர்ந்து வாழும் உரிமையைத் தரவில்லை.

ரப்பர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம்விட்டபோது லயங்கள் கலைந்தன. இன்று விக்டோரியா, ஹென்ரியட்டா போன்ற தோட்டப் பெயர்களைத் தாங்கி நிற்பவை பாடாங் செராய் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளே. வீடு மறைந்தாலும் முகவரி பள்ளியின் பெயர்ப் பலகையில் எஞ்சியுள்ளது.

இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சியும் கெடாவோடு தொடர்புடையதே. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டி அது வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். மண்ணில் உரிமை பெற்றாலன்றி வீடு நிலைக்காது என்ற உண்மையை அம்முயற்சி அன்றே உணர்த்தியது.

பினாங்குத் தீவிலேயே இதற்கு மாறான நிகழ்வு ஒன்றும் உண்டு. குளுகோர் பகுதியில் பழைய பிரவுன் தோட்ட நிலத்தில் மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர் குடியிருப்பு கம்போங் புவா பாலா. 2009-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் குடியிருப்போரின் முறையீடு தோற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஜார்ஜ்டவுன் உலகத் தகுதி பெற்ற மறு ஆண்டில், பாரம்பரிய எல்லைக்கு வெளியே நிகழ்ந்தது இது. பழமை இருந்தது, தனித்த வாழ்க்கை முறையும் இருந்தது, நிலவுரிமை இல்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. வீடுகள் நிலைப்பதும் அழிவதும் குடியிருப்போரின் உரிமையைப் பொறுத்தவை. கட்டடத்தை மட்டும் காக்கும் சட்டம் தெருவின் வாழ்வைக் காப்பதில்லை. பொது உடைமையும் இடையறாத பயன்பாடும் இணைந்த இடத்தில் வீடும் மரபும் சேர்ந்து நிற்கின்றன.

தென்கெடாவில் எஞ்சிய லயங்கள் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளைப் போல் முகப்பழகு உடையன அல்ல. ஆயினும் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் அரண்மனைகளுக்கு மட்டும் உரியதன்று. நின்றுகொண்டிருக்கும் ஒரு லய வரிசையேனும், ஓர் ஆயாக்கொட்டகையேனும் முறையாக அளந்து வரையப்படுதலும், பாதுகாப்புக்கு முன்மொழியப்படுதலும் வேண்டும். இல்லையேல் நம் முன்னோர் வாழ்ந்த வகைக்குக் கம்பெனிகளின் கணக்கேடுகள் மட்டுமே சான்றாக எஞ்சும். அவற்றில் அவர்கள் ஆள் எண்ணிக்கையாகவே காணப்படுவர்.

இப்பணியில் தமிழாசிரியர்களின் இடம் முதன்மையானது. 2014 முதல் தொடக்கப்பள்ளியின் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. தோட்டப் பெயர் தாங்கிய பள்ளியில் பயிலும் மாணவர், தம் பாட்டன் பாட்டியிடம் லயத்தின் வரைபடத்தைக் கேட்டு வரையலாம்: எத்தனை கதவு, அடுப்படி எங்கே, தண்ணீர் எங்கிருந்து வந்தது, பெரட்டுக்கு எந்நேரம் எழுந்தனர், எந்த ஆண்டு வெளியேறினர். அஞ்சடி, திண்ணை, பெரட்டு முதலிய சொற்களும் அவ்வரைபடத்தோடு சேர்ந்தே பதிவாகும். பல்கலைக்கழகத் துறைகள் இப்பதிவுகளைத் திரட்டி ஒப்பிட்டுக் காத்தல் வேண்டும். லயத்தில் பிறந்த தலைமுறை நம்மிடையே வாழும் காலம் இது. அவர்கள் சொல்லக் கேட்டு எழுதும் வாய்ப்பு நீண்ட நாள் நீடிப்பதன்று.