ஒரு சாய்கோடு செய்த குழப்பம்

போன மாசம் அப்பாவோட பழைய கடைக் கணக்கு ஃபைலைத் திறக்க வேண்டியிருந்தது. அது ஒரு பழைய விண்டோஸ் புரோகிராமில் எழுதியது. என் லேப்டாப்பில் இருப்பதோ லினக்ஸ். ஒயின் மூலம் புரோகிராம் ஓடியது. ஆனால் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் காலி விண்டோதான் வந்தது. பத்து வருஷக் கணக்கும் போச்சுன்னு பயந்துட்டேன்.

ஃபைல் பத்திரமாகத்தான் இருந்தது. தகராறு ஒரு கோட்டில். யூனிக்ஸில் ஃபோல்டர்களைப் பிரிப்பது ஸ்லாஷ். 1981-ல் வந்த டாஸில் ஃபோல்டரே கிடையாது. அந்த ஸ்லாஷை ஆப்ஷன்களுக்குக் கொடுத்துட்டாங்க. 1983-ல் 2.0 பதிப்பில் ஃபோல்டர் வந்தபோது பேக்ஸ்லாஷை எடுத்துக்கொண்டார்கள். விண்டோஸும் அதே வழியில் போனது. அதனால் ஸ்லாஷில் தொடங்கும் லினக்ஸ் முகவரியை என் புரோகிராம் ஏதோ ஆப்ஷன் என்று நினைத்துத் தள்ளிவிட்டது.

ஒயின் திட்டம் 1993-ல் தொடங்கியது. அடுத்த வருஷம் அலெக்சாண்டர் ஜூலியார் பொறுப்பேற்றார். 1.0 பதிப்பு வந்தது 2008-ல்தான், 15 வருஷம்! லினக்ஸின் மொத்த ஃபைல்களையும் அது ‘இசட்’ டிரைவாகக் காட்டும். அதிலுள்ள ‘ஸ்டார்ட்’ கட்டளையோடு ‘/யூனிக்ஸ்’ என்று சேர்த்தால் முகவரியை விண்டோஸ் பாணிக்கு மாற்றிக் கொடுக்கும்.

சேர்த்தேன். கணக்கு வரிசையாக வந்தது. அப்பா எட்டிப் பார்த்துச் சொன்னார்: “டேய், அண்ணாச்சி பாக்கி இன்னும் வரலையே!”