மார்ஸ்டன், சி. டேவிட்

சார்லஸ் டேவிட் மார்ஸ்டன் (1938–1998) இங்கிலாந்து நரம்பியல் மருத்துவர். நடுக்கம், முறுக்கம், துள்ளல், விறைப்பு என உடலின் அசைவு பிசகும் நோய்களுக்கு நரம்பியலில் தனித்துறை அமைத்தவர்களில் முதன்மையானவர்.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக் கல்லூரியில் படித்தார். இளம் வயதிலேயே ஆய்வில் இறங்கிவிட்டார். மனித மூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதி கறுத்திருக்கும். பார்க்கின்சன் நோயில் அழிவது அதுதான். அந்தக் கறுப்பு வேறு எந்தப் பாலூட்டிகளிடம் உண்டு என்று ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1961இல் வெளிவந்தது. அடுத்து, அட்ரினலின் ஏறினால் கை ஏன் நடுங்குகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். குவீன் ஸ்கொயர் தேசிய மருத்துவமனையில் நரம்பியல் பயிற்சி பெற்றபின், 1970இல் லண்டன் மனநல மருத்துவ நிறுவனத்திலும் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிலும் முதுநிலை விரிவுரையாளரானார். இரண்டே ஆண்டில், 34 வயதில், பேராசிரியர்.

நரம்பியலாளருக்கு மனநல நிறுவனத்தில் என்ன வேலை என்று தோன்றலாம். மார்ஸ்டனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. தசைகள் தாமாக இறுகி உடலை முறுக்கும் டிஸ்டோனியா நோயாளிகள் பலர் மீது அக்காலத்தில் மனக்கோளாறு முத்திரை விழுந்திருந்தது. நோயின் போக்கும் அப்படித்தான். முன்னே நடக்கத் தடுமாறுபவர் பின்னோக்கிச் சரளமாக நடப்பார். பேனாவைப் பிடித்ததும் கோணிக்கொள்ளும் விரல்கள் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடும். தோள்பக்கம் திருகிக்கொண்ட கழுத்து, தாடையை ஒரு விரலால் லேசாகத் தொட்டதும் நேராகும். ‘நடிக்கிறார்’ என்று சொல்லிவிட இவ்வளவு போதாதா?

இந்த விசித்திரங்களையே மார்ஸ்டன் நோயின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். 1974இல் சக ஆய்வாளர் ஹாரிசனுடன் சேர்ந்து 42 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்தார். கண்ணிமை இறுக மூடிக்கொள்வதும், வாயும் தாடையும் கோணுவதும், எழுதும்போது மட்டும் கை இழுத்துக்கொள்வதும் உடலின் ஒரு பகுதியோடு நின்றுவிட்ட டிஸ்டோனியாவே என்று வாதிட்டார். 1976இல் இமை–வாய் முறுக்கத்துக்கு, வாய் பிளந்த மனிதனைத் தீட்டிய பழைய ஃபிளெமிஷ் ஓவியர் புரூகலின் பெயரைச் சூட்டினார். அழகான பெயர்தான்; ஆனால் 1910இலேயே இந்நோயை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மேஷின் பெயரே நிலைத்தது.

நோயாளியைப் பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. சக ஆய்வாளர்கள் மெர்ட்டன், மோர்ட்டன் இருவருடனும் செய்த சோதனைகளில் கட்டைவிரலின் நுனி மூட்டை மடக்கச் சொல்லி, பாதியில் எதிர்ப்பைக் கூட்டியோ குறைத்தோ, தசை எத்தனை மில்லிசெகண்டில் ஈடுகொடுக்கிறது என்று அளந்தார்கள். பார்க்கின்சன் நோயில் லெவோடோபா மாத்திரையின் பலன் திடீரென வந்து திடீரென மறையும் ‘ஆன்–ஆஃப்’ நிலை பற்றி 1976இல் சக ஆய்வாளர் பார்க்ஸுடன் எழுதியதும் முக்கியமானது.

அசைவு நோயை எழுத்தில் விவரிப்பது கடினம், பார்த்தால்தான் பிடிபடும். நியூயார்க்கின் ஸ்டான்லி ஃபானும் மார்ஸ்டனும் 1985இல் அசைவுக் கோளாறுகளுக்கான சங்கத்தை நிறுவினார்கள். மறு ஆண்டு தொடங்கிய அதன் இதழோடு வீடியோ கேசட்டும் சந்தாதாரர்களுக்குப் போனது. மருத்துவ இதழ்களில் அது புதுமை.

இன்று இத்துறைக்கு வருபவர் நரம்பியல் பயிற்சியை முடித்து, பிறகு ஓரிரு ஆண்டு ஃபெல்லோஷிப் செய்கிறார். மார்ஸ்டன் தொடங்கிய நாளில் அப்படி ஒரு பாதையே இல்லை. அவரிடம் வந்து பயின்ற அமெரிக்கர் மார்க் ஹாலெட், ஸ்பானியர் ஹோசே ஓபேசோ, கனடாவின் அந்தோணி லாங் ஆகியோர் பின்னர் தத்தம் நாடுகளில் இத்துறையின் முன்னோடிகளானார்கள்.

1983இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1987இல் ரோஜர் கில்லியட்டுக்குப் பின் குவீன் ஸ்கொயர் நரம்பியல் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். டிஸ்டோனியா மனக்கோளாறு அல்ல என்ற அவரது நிலைப்பாட்டுக்கு வலுச்சேர்ப்பதுபோல், குழந்தைப் பருவத்தில் தொடங்கி உடலெங்கும் பரவும் டிஸ்டோனியாவுக்குக் காரணமான மரபணு 1997இல் அடையாளம் காணப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, செப்டம்பர் 29 அன்று, ஆய்வு விடுப்பில் அமெரிக்கா சென்றிருந்தபோது மார்ஸ்டன் திடீரெனக் காலமானார். அப்போது அவருக்கு வயது 60.