உறுதிப் பரிசு முறை (காச்சா விளையாட்டுகள்)

பரிசுகளைக் குலுக்கலில் விற்கும் காச்சா வகை வீடியோ கேம்களில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் குலுக்கல் போட்டும் அரிய பரிசு விழாத ஆட்டக்காரருக்கு அதைக் கட்டாயம் கொடுத்துவிடும் ஏற்பாடு உறுதிப் பரிசு முறை எனப்படும். ஆட்டக்காரர்கள் இதைப் பொதுவாக ‘பிட்டி’ என்கிறார்கள். ஜப்பானில் ‘தென்ஜோ’, அதாவது கூரை, என்பது வழக்கு. 2016இல் ஜப்பானில் எழுந்த ஒரு சர்ச்சைக்குப் பிறகு இம்முறை பரவலானது. 2020இல் வெளிவந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’ இதை உலகெங்கும் கொண்டுசென்றது. ஆட்டக்காரரின் இழப்புக்கு ஓர் எல்லை வகுப்பது இதன் வெளிப்படையான பயன். அந்த எல்லையே பரிசின் உச்ச விலையாகவும், ஆட்டக்காரரை விட்டுப்போகவிடாத பிடியாகவும் ஆகிவிடுகிறது என்பது இதன் மீதான முக்கியமான விமர்சனம்.

பின்னணி

காசு போட்டுத் திருகினால் பொம்மை அடங்கிய உருண்டை ஒன்று விழும் இயந்திரங்கள் 1965இல் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கு வந்தன. 1977இல் பண்டாய் நிறுவனம் இத்தொழிலில் இறங்கியது. எந்தப் பொம்மை விழும் என்று வாங்குபவருக்குத் தெரியாது. இணைய விளையாட்டுக்குள் இந்த வழக்கம் புகுந்ததற்கு ஆரம்ப எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது, ‘மேப்பிள்ஸ்டோரி’ விளையாட்டின் ஜப்பானியப் பதிப்பில் 2004இல் விற்கப்பட்ட குலுக்கல் சீட்டு. 2010க்குப் பின் கைப்பேசி விளையாட்டுகள் பெருகியபோது, விளையாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டுக் குலுக்கலில் வருமானம் பார்ப்பது ஜப்பானில் வழக்கமான வணிக முறையானது.

இத்தகைய குலுக்கலில் ஒவ்வொரு முறையும் தனித்தனி. முன்பு எத்தனை முறை ஏமாந்தோம் என்பது அடுத்த குலுக்கலின் வாய்ப்பைக் கூட்டாது. பரிசு விழ 1% வாய்ப்பு என்றால் 100 முறை போட்டால் கிடைத்துவிடும் என்று தோன்றும். உண்மையில் 100 முறை போட்டவர்களில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினருக்கு எதுவும் விழாது. 300 முறை போட்ட பிறகும் 5 விழுக்காட்டினர் வெறுங்கையோடு இருப்பார்கள். ஒரு லட்சம் பேர் ஆடும் விளையாட்டில் அது 5,000 பேர். உறுதிப் பரிசு முறை அடிப்படையில் இந்தக் கடைசி 5,000 பேருக்கானது.

‘இத்தனை ஆட்டத்துக்குள் கட்டாயம்’ என்னும் உத்தி காச்சாவுக்கு முன்பே இருந்தது. ஜப்பானியப் பொழுதுபோக்குக் கூடங்களில் உள்ள பாச்சிஸ்லாட் இயந்திரங்கள் சிலவற்றில், நிர்ணயித்த எண்ணிக்கை வரை போனஸ் விழாவிட்டால் இயந்திரமே அதைக் கொடுத்துவிடும். அந்த எண்ணிக்கைக்கு அங்கே ‘தென்ஜோ’ என்று பெயர். காச்சா உலகம் ஏற்பாட்டையும் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.

2012: தொகுப்புக் காச்சா தடை

உச்சவரம்பு இல்லாத குலுக்கல் எவ்வளவு தூரம் போகும் என்பதை முதலில் காட்டியது ‘கொம்ப்பு காச்சா’, அதாவது தொகுப்புக் காச்சா. குலுக்கலில் விழும் அட்டைகளில் குறிப்பிட்ட சிலவற்றை முழுமையாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு. தொடக்கத்தில் அட்டைகள் வேகமாகச் சேரும். முடிவில் ஒன்றே ஒன்றுக்காகப் பணம் கரையும். சம வாய்ப்புள்ள 10 அட்டைகளைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 29 குலுக்கல்கள் தேவை. அவற்றில் 10 குலுக்கல்கள் கடைசி ஓர் அட்டைக்கே போய்விடும். அரிய அட்டை கலந்திருந்தால் கணக்கு இன்னும் மோசம்.

2012 மே 5 அன்று, ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை இதைச் சட்டவிரோதமாகக் கருதுகிறது என்று யோமியுரி ஷிம்புன் நாளிதழ் செய்தி வெளியிட்டது. சந்தை திறந்ததும் கிரீ, டி.என்.ஏ. ஆகிய முன்னணி நிறுவனங்களின் பங்குகள் கடுமையாகச் சரிந்தன. முறையற்ற இலவசப் பரிசுகளைத் தடுக்கும் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அட்டை சேர்த்துப் பரிசு பெறும் முறை முன்பே விலக்கப்பட்டிருந்தது. தொகுப்புக் காச்சாவும் அதில் அடங்கும் என்று முகமை விளக்கமளித்து, ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது. சாதாரணக் காச்சாவைத் தடை தொடவில்லை. அதற்கு எல்லை வகுக்கும் பொறுப்பு நிறுவனங்களிடமே நின்றது.

2016: கிரான்புளூ சர்ச்சை

சைகேம்ஸ் நிறுவனத்தின் ‘கிரான்புளூ ஃபேண்டசி’ 2014இல் வெளிவந்தது. 2015-16 புத்தாண்டுக் குலுக்கலில், குரங்கு ஆண்டையொட்டி ஆண்டிரா என்ற புதிய பாத்திரம் அறிமுகமானது. வாய்ப்பு கூட்டப்பட்டிருப்பதாக விளம்பரம் செய்தார்களே தவிர, அந்தப் பாத்திரத்துக்குத் தனியாக எத்தனை விழுக்காடு என்று சொல்லவில்லை. ஆட்டக்காரர் ஒருவர் இணைய நேரலையில் குலுக்கிக்கொண்டே போய், கிட்டத்தட்ட 7 லட்சம் யென் செலவழித்த பிறகுதான் அந்தப் பாத்திரத்தைப் பெற்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டும் நுகர்வோர் விவகார முகமையிடம் முறையிட்டும் ஆட்டக்காரர்கள் கிளம்பினார்கள். செய்தி ஜப்பானுக்கு வெளியேயும் பரவியது.

நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2016 மார்ச்சில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒவ்வொரு பொருளின் வாய்ப்பும் தனித்தனியே காட்டப்பட்டது. ஒரே குலுக்கல் காலத்துக்குள் 300 முறை குலுக்கியவர், விரும்பிய பாத்திரத்தைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றானது. ஒரு குலுக்கல் ஏறத்தாழ 300 யென் என்பதால், இந்தக் கூரையின் உயரம் 90,000 யென். அதே ஆண்டு ஜப்பானியத் தொழில்துறைச் சங்கங்களும் வழிகாட்டு நெறிகளைத் திருத்தி, வாய்ப்பு விகிதங்களையோ செலவின் மேல்வரம்பையோ ஆட்டக்காரருக்குத் தெரியப்படுத்தும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டன.

வகைகள்

நடைமுறையில் உள்ள உறுதிப் பரிசு முறைகளை நான்காகப் பிரிக்கலாம்.

பரிமாற்ற முறை: குலுக்கலுக்கு ஒரு புள்ளி சேரும், போதுமான புள்ளி சேர்ந்ததும் பரிசை வாங்கிக்கொள்ளலாம். கிரான்புளூ இவ்வகை. 2021இல் வெளிவந்த ‘உமா முசுமே’, ‘புளூ ஆர்க்கைவ்’ ஆகியவற்றில் 200 குலுக்கல்கள் போதும். குலுக்கல் காலம் முடிந்ததும் புள்ளிகள் பரிமாற்றத் தகுதியை இழந்துவிடுவதால், 150 வரை போனவர் நிற்கவும் முடியாமல் தொடரவும் முடியாமல் தவிப்பார்.

படியேறும் முறை: பரிசு விழாதவரை வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். நின்டெண்டோவின் ‘ஃபயர் எம்பளம் ஹீரோஸ்’ (2017) விளையாட்டில், ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழாத ஒவ்வொரு 5 குலுக்கலுக்கும் வாய்ப்பு 0.5% ஏறும். சீனாவின் ‘ஆர்க்நைட்ஸ்’ (2019) இதை இன்னும் செங்குத்தாக்கியது. ஆறு நட்சத்திரப் பாத்திரத்துக்கு அடிப்படை வாய்ப்பு 2%. 50 குலுக்கல் வரை விழாவிட்டால் 51ஆவதில் 4%, 52ஆவதில் 6% என்று உயர்ந்து, 99ஆவதில் 100% ஆகிவிடும்.

கூரை முறை: குறித்த எண்ணிக்கை வந்ததும் பரிசு தானாகவே விழும். 2015இல் தொடங்கிய ‘ஃபேட்/கிராண்ட் ஆர்டர்’ ஆறு ஆண்டுகளுக்கு மேல் கூரையே இல்லாமல் ஓடி, 2022 ஜனவரியில்தான் 330 குலுக்கல் என்ற வரம்பை ஏற்றது.

பெட்டி முறை: பரிசுகளின் எண்ணிக்கை முன்பே வகுக்கப்பட்டிருக்கும். பெட்டிக்கடையில் தொங்கும் பரிசுச்சீட்டு அட்டையைப் போல, கிழித்த சீட்டு மறுபடி வராது; அட்டையை முழுதாகக் கிழித்தால் முதல் பரிசு எப்படியும் கைக்கு வரும்.

கென்ஷின் இம்பாக்ட்

சீனாவின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பர் 28 அன்று வெளியிட்ட இவ்விளையாட்டு, படியேறும் முறையையும் கூரை முறையையும் இணைத்தது. பாத்திரக் குலுக்கலில் ஐந்து நட்சத்திரத்துக்கு அடிப்படை வாய்ப்பு 0.6%. 90ஆவது குலுக்கலில் அது நிச்சயம். ஆனால் விழுவது விளம்பரப்படுத்தப்பட்ட பாத்திரமாக இருக்க 2024 வரை 50% வாய்ப்புதான் இருந்தது. வேறு பாத்திரம் விழுந்தால், ஆட்டக்காரர் மொழியில் ‘50/50 தோற்றால்’, அடுத்த ஐந்து நட்சத்திரம் கட்டாயம் விளம்பரப் பாத்திரமே. ஆக, உண்மையான கூரை 180 குலுக்கல்.

இதில் முக்கியமான அம்சம், எண்ணிக்கை அழிவதில்லை என்பது. ஒரு பேனரில் (குறித்த காலம் நடக்கும் குலுக்கலில்) 60 குலுக்கியவர் நிறுத்திவிட்டால், சில வாரங்கள் கழித்து வரும் அடுத்த பாத்திரப் பேனரில் 61இலிருந்து தொடரலாம். 50/50 தோற்றுக் கிடைத்த உறுதியும் அப்படியே தங்கும். ஆயுதக் குலுக்கல் தொடக்கத்தில் இதைவிடக் கடினமாக இருந்தது. 2021இல் வந்த 2.0 பதிப்பில், விரும்பிய ஆயுதத்தைக் குறித்துவைத்து இரு முறை தவறினால் மூன்றாவது முறை நிச்சயம் என்றானது, 2024இல் 5.0 பதிப்பு அதை ஒரே தவறலாகக் குறைத்தது.

விளையாட்டுக்குள் உள்ள விவரப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் உண்டு: உறுதியையும் சேர்த்த மொத்த விகிதம் 1.6%. ஆட்டக்காரர்கள் இதை வைத்து ஒரு மறைவான விதியைக் கண்டுபிடித்தார்கள். முதல் 89 குலுக்கல்களிலும் வாய்ப்பு 0.6% ஆகவே இருந்து, 90ஆவதில் மட்டும் 100% ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் ஐந்து நட்சத்திரத்துக்குச் சராசரியாக 69.7 குலுக்கல் தேவை. மொத்த விகிதம் 1.43% தான் வரும். 1.6% வர வேண்டுமானால் சராசரி 62.5 ஆக இருக்க வேண்டும். எனவே 90க்கு முன்பே எங்கோ வாய்ப்பு ஏறத் தொடங்குகிறது. ஆட்டக்காரர்கள் தங்கள் குலுக்கல் பதிவுகளை இணையத் தளங்களில் திரட்டிப் பார்த்தபோது, 74ஆவது குலுக்கலை ஒட்டி ஏற்றம் தொடங்குவது தெரிந்தது. இதை ‘சாஃப்ட் பிட்டி’ என்றும் 90ஐ ‘ஹார்ட் பிட்டி’ என்றும் அழைக்கிறார்கள். பெரும்பாலோர் 90ஐத் தொடுவதே இல்லை. ‘கூரைக்கு முன்பே விழுந்துவிட்டது’ என்று ஒருவர் மகிழ்வது, பெரும்பாலும் விதி நினைத்தபடி நடந்ததுதான்.

இந்த அமைப்பு அந்நிறுவனத்தின் ‘ஹொங்காய்: ஸ்டார் ரெயில்’ (2023) விளையாட்டிலும் தொடர்ந்தது. போட்டி நிறுவனங்கள் எண்ணைக் குறைத்தன. குரோ கேம்ஸின் ‘வுதரிங் வேவ்ஸ்’ (2024) 80 குலுக்கலைக் கூரையாக வைத்தது. ஆயுதக் குலுக்கலில் 50/50 சிக்கலையே நீக்கியது.

விலையும் விமர்சனமும்

உறுதி என்று ஒன்று வந்தபின் பரிசுக்கு ஓர் உச்ச விலை பிறந்துவிடுகிறது. கென்ஷினில் ஒரு குலுக்கலுக்கு 160 பிரிமோஜெம் (விளையாட்டு நாணயம்), 180க்கு 28,800. அமெரிக்காவில் 99.99 டாலர் விலையுள்ள பெரிய பொதியில் 8,080 கிடைக்கும் என்பதால், மிக மோசமான நிலையில் ஒரு பாத்திரத்துக்கு நான்கு பொதிகள் வேண்டும். 50% வாய்ப்பின்படி சராசரி நிலையில் 94 குலுக்கல்கள் போதுமாயிருந்தன. விளையாட்டுக்குள் இலவசமாகக் கிடைக்கும் நாணயத்தைச் சேர்த்துவைப்போருக்கு இந்தக் கணக்கு பெரிய வசதி: 28,800 கையில் இருந்தால் அதிர்ஷ்டம் தேவையில்லை. பணம் செலவழிக்காமல் ஆடுவோர் எந்தப் பாத்திரத்தை விடுவது, எதற்குச் சேமிப்பது என்று பல மாதத் திட்டம் போட முடிவது உறுதிப் பரிசால்தான்.

மறுபக்கத்தையும் அதே எண்ணே உண்டாக்குகிறது. உறுதி இல்லாத குலுக்கலில் 70 முறை தோற்றவர், 71ஆவதற்கும் வாய்ப்பு அதேதான் என்று அறிந்து விலகலாம். உறுதி உள்ள குலுக்கலில் அவர் நிறுத்தினால், ஏறக்குறைய முடிந்துவிட்ட ஒன்றை விட்டுப்போகிறார். இழந்த பணம் முதலீடுபோல் தோன்றத் தொடங்குகிறது. எண்ணிக்கை அடுத்த பேனருக்குத் தொடர்ந்தால் விளையாட்டை நீக்க மனம் வராது. தொடராவிட்டால் தேதி முடிவதற்குள் எட்டிப்பிடிக்கும் அவசரம் வரும். முதல் வகை ஆட்டக்காரருக்குச் சாதகம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஒரே பாத்திரத்தின் பிரதிகளைச் சேர்த்தால் வலிமை கூடும் விளையாட்டுகளில் கூரை ஒரு முறை மட்டும் வருவதில்லை. கென்ஷினில் ஒரு பாத்திரத்தை முழுமையாக்க ஏழு பிரதிகள் தேவை.

சட்ட நிலை

சீனக் கலாச்சார அமைச்சகம் 2016 டிசம்பரில் வெளியிட்டு 2017 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பு, குலுக்கல் வாய்ப்புகளை வெளியிடும்படி விளையாட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. 2017 டிசம்பரில் ஆப்பிள் தன் செயலிக் கடையில் இதே விதியைச் சேர்த்தது. பெல்ஜியம் 2018இல், பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தின்கீழ் வரும் என்றது. தென்கொரியாவில் ‘மேப்பிள்ஸ்டோரி’ பொருள்களின் வாய்ப்பைச் சொல்லாமல் குறைத்ததற்காக நெக்சன் நிறுவனத்துக்கு 2024 ஜனவரியில் 1,160 கோடி வோன் அபராதம் விதிக்கப்பட்டது. மார்ச் 22 முதல் வாய்ப்பு வெளியீடு சட்டக் கட்டாயமானது.

இவை பெரும்பாலும் வாய்ப்பைச் சொல்லச் சொல்கின்றன. கூரை எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதை நிறுவனங்களின் போட்டிக்கும் ஆட்டக்காரர்களின் கோபத்துக்கும் விட்டுவிட்டன. 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், கென்ஷினை அங்கே வெளியிடும் நிறுவனத்தின் மீதான வழக்கை 2 கோடி டாலர் அபராதத்துடன் முடித்தபோது, கேள்வியைப் பணத்தின் பக்கம் திருப்பியது. பல அடுக்கு நாணயங்கள் பரிசின் உண்மையான செலவை மறைக்கின்றன என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பரிசுப் பெட்டி விற்கக் கூடாது, வாய்ப்பு விகிதத்தோடு நாணய மாற்று விகிதத்தையும் காட்ட வேண்டும், உண்மைப் பணத்தில் நேரடியாக வாங்கவும் வழி வைக்க வேண்டும் என்பவை உடன்பாட்டின் நிபந்தனைகள்.