கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் மரே ஹாப்பர் (9 டிசம்பர் 1906 – 1 ஜனவரி 1992) அமெரிக்கக் கடற்படையின் ரிசர்வ் பிரிவைச் சேர்ந்த அதிகாரி, கணிதத்தில் முனைவர், கணினி நிரலாக்கத்துக்கு வழி வகுத்தவர்களுள் ஒருவர். 1943-இல் படையில் சேர்ந்து, 1986-இல் 79 வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார்.

ரிசர்வ் அதிகாரி என்பவர் தன் சொந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டே படையின் பட்டியலிலும் இருப்பவர். போர் வந்தாலோ ஆள் தேவைப்பட்டாலோ அழைப்பு வரும். சீருடையை எடுத்து மாட்டிக்கொண்டு போக வேண்டும். நிரந்தரப் படை அதிகாரிகளின் பக்கத்தில் இவர்களைச் சற்றுக் குறைத்து மதிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அந்த மதிப்பீடு எவ்வளவு பிழையானது என்பதற்கு ஹாப்பரின் பணி வரலாற்றைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. நிரந்தரப் பிரிவில் அவருக்கு இடமில்லை என்று கைவிரித்த அதே கடற்படை, ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு முறை அவரைத் திரும்ப அழைத்தது.

படையில் சேர்தல்

நியூயார்க் நகரில் பிறந்த ஹாப்பர், வாஸர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1934-இல் முனைவர் பட்டம் பெற்றார். வாஸரிலேயே பேராசிரியராகவும் இருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா அலெக்சாண்டர் ரசல் கடற்படையில் அட்மிரலாக இருந்தவர்.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் ஹாப்பரும் படையில் சேர விரும்பினார். தடைகள் மூன்று. வயது அதிகம், எடை குறைவு, கணிதப் பேராசிரியர் பணி போர்க்காலத்துக்கு இன்றியமையாதது என்பதால் வகுப்பறையை விட்டு வரக் கூடாது. குறைந்தபட்ச எடையான 120 பவுண்டுக்கு அவர் 15 பவுண்டு குறைவாக இருந்தார். விடாமல் முயன்று விலக்கு வாங்கி, 1943 டிசம்பரில் கடற்படை ரிசர்வின் மகளிர் பிரிவான ‘வேவ்ஸ்’ அமைப்பில் சேர்ந்தார். ஸ்மித் கல்லூரியில் நடந்த அதிகாரிப் பயிற்சியில் முதலிடம் பெற்றார்.

மார்க் 1

1944 ஜூலையில் இளநிலை லெப்டினன்டாக அவர் அனுப்பப்பட்ட இடம் கப்பல் அல்ல, ஹார்வர்டு பல்கலைக்கழகம். 51 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட மார்க் 1 என்ற கணக்கிடும் இயந்திரம் அங்கே கடற்படைக்காக ஓடிக்கொண்டிருந்தது. அதை உருவாக்கி, அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஹவர்ட் எய்க்கனும் ஒரு ரிசர்வ் அதிகாரிதான். அப்படி ஓர் இயந்திரத்தை ஹாப்பர் அதற்கு முன் பார்த்ததில்லை. என்றாலும் பீரங்கி இலக்குக் கணக்குகள் போன்றவற்றுக்கு விரைவிலேயே நிரல் எழுதத் தொடங்கினார். அந்த இயந்திரத்துக்கான 500 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேட்டையும் அவரே எழுதினார். 1946-இல் அது வெளியானது.

மார்க் 2 இயந்திரத்தின் ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கிய கதை ஹாப்பரின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 1947 செப்டம்பர் 9 அன்று அந்தப் பூச்சியைப் பிடித்துப் பதிவேட்டில் ஒட்டியவர்கள் அவருடைய குழுவினர். பொறியியல் கோளாறைப் ‘பூச்சி’ என்று சொல்வது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இருந்த வழக்கு. ஹாப்பர் அந்தக் கதையைச் சுவைபடச் சொல்லிப் பரப்பினார், அவ்வளவுதான்.

போர் முடிந்ததும் நிரந்தரப் பிரிவுக்கு மாற்றம் கேட்டார். வயது கடந்துவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். மனம் தளராமல் ரிசர்விலேயே தொடர்ந்தார். 1949-இல் எக்கர்ட்–மாக்லி நிறுவனத்தில் சேர்ந்து யூனிவாக் கணினியில் வேலை செய்தார். 1952-இல் அவர் உருவாக்கிய ஏ-0 என்ற நிரல், கணினியே தனக்கான கட்டளைகளைத் தொகுத்துக்கொள்ள வழி செய்தது. பிறகு, கணக்கெழுதுபவருக்கும் புரியும் சொற்களில் நிரல் எழுத ஃப்ளோமேட்டிக் மொழியை அமைத்தார். 1959-இல் வடிவம் பெறத் தொடங்கிய கோபோல் மொழிக்கு அதுவே முதன்மையான முன்மாதிரி. கோபோலை வடிவமைத்தது ஒரு குழு. ஹாப்பர் அதன் ஆலோசகர்களுள் ஒருவர். சென்னையின் பயிற்சி மையங்களில் தொண்ணூறுகளில் கோபோல் படித்து வேலைக்குப் போன தலைமுறைக்கு இந்த மொழி நன்றாகவே தெரியும்.

ஓய்வும் மறு அழைப்பும்

1966 இறுதியில், 60 வயதில், கமாண்டர் பதவியில் ஓய்வு பெறும்படி கடற்படை அவரைக் கேட்டுக்கொண்டது. பெரும் வருத்தத்தோடு விலகினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே அழைப்பு வந்தது. கடற்படையின் கணினிகள் பல நிறுவனங்கள் தயாரித்தவை. ஒன்றில் ஓடிய கோபோல் நிரல் இன்னொன்றில் ஓடாது. இதைச் சீர்செய்யத்தான் அழைத்தார்கள். ஆறு மாதத்துக்கு என்று சொன்ன அந்தப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. கோபோல் நிரலைக் கணினிக் கட்டளைகளாக மாற்றும் எந்தத் தொகுப்பியும் பொது நியதிக்கு உட்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் நிரல்களை அவருடைய பிரிவு உருவாக்கியது. என் கணிப்பில், கடற்படைக்கு அவர் செய்த தொண்டுகளில் தலையாயது இதுவே. வெளியே அதிகம் பேசப்படாததும் இதுதான்.

1971-இல் மீண்டும் ஓய்வு, 1972-இல் மீண்டும் அழைப்பு. 1973-இல் கேப்டன் ஆனார். 1983 மார்ச்சில் அவரைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்த நாடாளுமன்ற உறுப்பினர் பிலிப் கிரேன், அவருக்குப் பதவி உயர்வு வேண்டும் என்று முயற்சி எடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அதிபர் ரேகன் தனி நியமனமாக அவரைக் கமடோர் ஆக்கினார். 1985-இல் அந்தப் பதவியின் பெயரே ரியர் அட்மிரல் என்று மாறியது.

உரையாற்றப் போகும் இடமெல்லாம் ஏறத்தாழ ஓர் அடி நீளக் கம்பித் துண்டுகளை எடுத்துப் போவார். ஒளி ஒரு நானோ வினாடியில் கடக்கும் தொலைவு அது. செயற்கைக்கோள் வழியே செய்தி வர ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கும் அட்மிரல்களிடம், இங்கிருந்து செயற்கைக்கோள் வரை எத்தனை கம்பிகளை அடுக்க வேண்டும் என்று காட்டுவார். அதனினும் மிகச் சிறிய பிக்கோ வினாடியை விளக்க மிளகுத்தூள் பொட்டலம் போதும்.

1986 ஆகஸ்ட் 14 அன்று, பாஸ்டனில் நிற்கும் 1797-ஆம் ஆண்டுப் பாய்மரப் போர்க்கப்பல் கான்ஸ்டிடியூஷன் தளத்தில் இறுதியாக ஓய்வு பெற்றார். அன்று கடற்படையில் பணியிலிருந்த அதிகாரிகளில் அவரே வயதில் மூத்தவர். ஓய்ந்திருக்கவில்லை: டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆலோசகராகி, சீருடையிலேயே ஊர் ஊராகப் பேசினார். 1992-இல் மறைந்ததும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். 2016-இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

1997-இல் படையில் இணைந்த ஏவுகணைப் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹாப்பர் என்று பெயர். அதன் தாய்த் துறைமுகமாக வாய்த்தது பேர்ல் ஹார்பர்.