கூல்-எய்ட் குடிச்சது யாரு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

ஆபீஸ்ல ஒருத்தர் புதுசா சேர்றார்னு வைங்க. முதலாளி சொல்றதெல்லாம் அவருக்கு வேதவாக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு குரூப்ல "நாம உலகத்தையே மாத்தப்போறோம்"னு மெசேஜ் போடறார். பக்கத்து சீட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டே சொல்வார்: "ஆளு கூல்-எய்ட் குடிச்சிட்டான்."

'டிரிங்கிங் தி கூல்-எய்ட்'. ஒரு தலைவரையோ கொள்கையையோ கேள்வியே கேட்காம நம்பிடறதுன்னு அர்த்தம். கிண்டலாத்தான் சொல்வாங்க. ஆனா இந்தக் கிண்டலுக்குப் பின்னாடி 900-க்கும் மேற்பட்ட சாவுகள் இருக்கு. இன்னிக்கு அந்தக் கதைதான்.

முதல்ல கூல்-எய்ட்னா என்ன? நம்ம ஊர் ரஸ்னா மாதிரி, தண்ணில கலக்கற ஜூஸ் பவுடர். 1927-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துல எட்வின் பெர்கின்ஸ்ங்கறவர் கண்டுபிடிச்சது. அங்க குழந்தைகளோட கோடை விடுமுறைன்னாலே இதுதான்.

இப்போ கதைக்கு வருவோம். 1950-கள், இண்டியானாபோலிஸ் நகரம். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே சர்ச்ல பக்கத்துல பக்கத்துல உட்கார்றதே அபூர்வமா இருந்த காலம். அப்போ ஜிம் ஜோன்ஸ்னு ஒரு பாதிரியார், எல்லாரும் ஒண்ணா உட்காரலாம்னு ஒரு சபை தொடங்கறார். பேர் 'பீப்பிள்ஸ் டெம்பிள்'. ஏழைகளுக்குச் சாப்பாடு, முதியோர் இல்லம்னு நிஜமாவே வேலை செஞ்சாங்க. 1965-ல் கலிஃபோர்னியாவுக்கு மாறினாங்க. சான் ஃபிரான்சிஸ்கோ மேயர், நகர வீட்டுவசதி ஆணையத்துல ஜோன்ஸுக்குப் பதவியே கொடுத்தார்.

இதை ஏன் சொல்றேன்னா, அங்க போனவங்க முட்டாள்கள் இல்ல. இனவெறி இல்லாத ஒரு வாழ்க்கை வேணும்னு போனவங்க. அதுல பெரும்பாலானவங்க கறுப்பினத்தவர், நிறைய பேர் வயசான பெண்கள்.

உள்ளே நடந்தது வேற. அடி, மிரட்டல், சொத்தை எழுதி வாங்கறது. 1977-ல் இதெல்லாம் பத்திரிகைல வந்ததும், ஜோன்ஸ் தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக்குப் போயிட்டார். அங்க காட்டுக்கு நடுவுல 'ஜோன்ஸ்டவுன்'. ஏறக்குறைய ஆயிரம் பேர். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வெச்சுட்டாங்க. கடிதங்களைப் பிரிச்சுப் படிச்சாங்க. ஒலிபெருக்கில எந்நேரமும் ஜோன்ஸ் குரல். அப்பப்போ ராத்திரில எல்லாரையும் எழுப்பிக் கூட்டுவாங்க. அதுக்குப் பேர் 'வெள்ளை இரவு'. ஒரு தடவை ஒரு பானத்தைக் கொடுத்து, குடிச்ச பிறகு "இது விஷம்"னு சொல்லி, அப்புறம் "சும்மா, விசுவாசத்தைச் சோதிச்சோம்"னு முடிச்சாங்க.

1978 நவம்பர்ல லியோ ரையான்ங்கற அமெரிக்க எம்.பி., பத்திரிகையாளர்களோட நேர்ல பார்க்க வந்தார். சிலர் ரகசியமா துண்டுச்சீட்டு கொடுத்தாங்க: எங்களைக் கூட்டிட்டுப் போங்க. நவம்பர் 18. அவங்களோட கிளம்பின ரையானைப் பக்கத்து விமானத் தளத்துல ஜோன்ஸோட ஆட்கள் சுட்டாங்க. ரையானையும் சேர்த்து 5 பேர் செத்தாங்க.

அதே நாள் சாயங்காலம் ஜோன்ஸ் எல்லாரையும் கூட்டினார். இனி சாவுதான் வழின்னார். அந்தக் கூட்டம் ஒலிநாடால பதிவாகியிருக்கு, இன்னிக்கும் கேட்கலாம். அதுல ஒரு பெண் எழுந்து எதிர்த்துப் பேசறாங்க. கிறிஸ்டின் மில்லர். ரஷ்யாவுக்குப் போக இன்னும் வழி இல்லையான்னு கேட்கறாங்க. குழந்தைகளுக்கு வாழ உரிமை இருக்குன்னு வாதாடறாங்க. கூட்டம் கத்தி அவங்க வாயை அடைச்சது.

முதல்ல விஷம் கொடுத்தது குழந்தைகளுக்கு. சுத்திலும் துப்பாக்கியோட காவலாளிகள். குழந்தை கண்ணெதிரே செத்த பிறகு பெத்தவங்க எதுக்காக ஓடுவாங்க? உடல்களைப் பார்த்த கயானா மருத்துவர் லெஸ்லி மூட்டூ, பல பேர் உடம்புல ஊசி போட்ட தடம் இருந்ததா சொன்னார். ஜோன்ஸ்டவுன்ல 909 பேர் இறந்தாங்க. அதுல 300-க்கும் மேற்பட்டவங்க 18 வயசுக்குக் கீழே. தலைநகர் ஜார்ஜ்டவுன்ல இருந்த சபைக்காரங்க 4 பேர், விமானத் தளத்துல 5 பேர்னு சேர்த்தா 918.

இப்போ அந்தச் சொற்றொடருக்குத் திரும்புவோம். முதல் தப்பு சின்னது. அங்க பெரும்பாலும் கலந்தது கூல்-எய்ட் இல்ல, 'ஃப்ளேவர்-எய்ட்'ங்கற போட்டி பிராண்ட். பிரபலமான பேர் ஒட்டிக்கிச்சு, நாம எல்லா போட்டோகாப்பியையும் 'ஜெராக்ஸ்'னு சொல்ற மாதிரி.

ரெண்டாவது தப்புதான் பெருசு: 'குடிச்சான்'ங்கற வினைச்சொல். தானா விரும்பி, யோசிக்காம குடிச்சான்னு அது சொல்லுது. கைக்குழந்தை எதை நம்பிக் குடிச்சது? ஊசி குத்தப்பட்டவங்க எதைத் தேர்ந்தெடுத்தாங்க? உயிர் பிழைச்சவங்கள்லயும் உறவுக்காரங்கள்லயும் சிலர் இந்தப் பேச்சு வலிக்குதுன்னு வெளிப்படையாவே சொல்லியிருக்காங்க. ஆனாலும் அரசியல்ல, அப்புறம் கார்ப்பரேட் உலகத்துல பரவி, இப்போ நம்ம ஸ்டாண்டப் மீட்டிங் வரைக்கும் வந்துடுச்சு.

இறந்தவங்கள்ல 400-க்கும் மேற்பட்டவங்க ஆக்லாந்துல ஒரே கல்லறைல இருக்காங்க. அடையாளம் தெரியாத குழந்தைகள் நிறைய. 2011-ல்தான் அங்க எல்லார் பேரையும் கல்லுல பொறிச்சாங்க.

இனிமே அந்தச் சொல்லைச் சொல்லாதீங்கன்னு நான் சட்டம் போட வரல. ஆனா வேலையை விட முடியாத, எதிர்த்துப் பேச முடியாத ஒருத்தரைப் பார்த்து "கூல்-எய்ட் குடிச்சிட்டான்"னு சிரிக்கறதுக்கு முன்னாடி, அவருக்கு வேற வழி இருந்துச்சான்னு ஒரு நிமிஷம் யோசிக்கலாம். அந்த ராத்திரி எழுந்து நின்னு பேசின கிறிஸ்டின் மில்லரையும் ஞாபகம் வெச்சுக்கலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.