மலையகத் தோட்டங்களிற் பெயர்ப் பதிவு: பேரேடு முதற் கணினி வரை

நாட்டு வரலாறு எழுதப் புகுவோர் அரசரின் போர்களையும் அமைச்சரின் சூழ்ச்சிகளையும் ஆராய்தல் இயல்பு. கணக்கர் எழுதிவைத்த ஏடுகளை ஆராய்வார் மிகச் சிலரே. ஆயினும் குடிமக்களின் வாழ்வை ஆக்கவும் அழிக்கவும் வல்லனவாய் அவ்வேடுகள் விளங்கியுள்ளன. சோழப் பெருமன்னர் காலத்திற் புரவுவரித் திணைக்களம் என ஒரு தனித்துறை நிலவியதையும், அதன்கண் வரிப்பொத்தகம் எனும் அலுவலர் இருந்ததையும் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. உத்தரமேரூர்ச் சாசனமோ, கணக்குக் காட்டாதார் வாரியத்திற்குத் தெரிவுசெய்யப்படத் தகுதியற்றவர் என விதித்தது. ஏட்டைப் பிழையின்றி வைத்தல் ஆட்சியின் அறங்களுள் ஒன்று எனும் கொள்கை தமிழர்க்குப் புதிதன்று என்பது இவற்றாற் பெறப்படும். அவ்வறம் நெகிழ்ந்தவிடத்து யாது நிகழும் என்பதற்கு நுவரெலியா, ஹற்றன் முதலாய மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

இலங்கை மலைநாட்டின் முதற் பெரும் பயிர் கோப்பியே. 1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைநோய் அப்பயிரை வீழ்த்தியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்திற் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டுமே பெருந்தொகையான ஆட்கள் வேண்டப்பட்டனர். பருவம் முடியத் தொழிலாளர் பலர் தமிழகத்திலுள்ள தத்தம் ஊர்களுக்கு மீண்டனர். தேயிலையின் இயல்பு வேறு. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆகவே ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. நாள்தோறும் வேலைக்கு வருவோரை நாள்தோறும் பதியும் ஏடும் அவற்றோடு நிலைகொண்டது.

அக்காலத்துப் பதிவு பலவகைத்து. 1901ஆம் ஆண்டுமுதல் தமிழகத்திலிருந்து புறப்பட்ட தொழிலாளர்க்குத் தகரச் சீட்டொன்று வழங்கப்பட்டது. அவர் எத்தோட்டத்திற்கு உரியர் என்பதை அச்சீட்டு உணர்த்தியது. வழிச்செலவும் அத்தோட்டத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டது. துண்டு எனப் பெயர்பெற்ற கடிதம் மற்றொன்று. கடனைத் தீர்த்தாற் தொழிலாளரை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுப்பது அது. கடன் தொழிலாளரைத் தோட்டத்திலிருந்து தோட்டத்திற்குத் தொடர்ந்து செல்ல அது வழிவகுத்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. மூன்றாவதாகிய செக்ரோல் எனும் வரவுப் பேரேடோ நீடித்து நின்றது. காலையிற் பிரட்டுக்களத்திற் கூடியோரின் பெயர்களைக் கணக்கப்பிள்ளை பதிவார். மாலையிற் கொழுந்தின் நிறை நோக்கிக் கூலி கணிக்கப்படும். மலையக மக்களின் வழக்கில் ஒருநாட் கூலி ஒரு பேர் எனப்படும். நிறை குறைந்தால் அரைப் பேர். பெயரே கூலியாகவும், பெயரிற் பாதியே பாதிக் கூலியாகவும் ஆயின நிலையை இவ்வழக்கு தெளிவுறக் காட்டுகின்றது.

இவ்வேடுகள் யாவும் ஒரு நோக்கம் பற்றி எழுந்தவை. கடனும் கூலியும் கணிப்பதற்கு அவை போதுமானவை. ஒரு தோட்டத்திற் கருப்பன் எனப் பெயரியார் இருவர் இருப்பின், பெரிய கருப்பன், சின்னக் கருப்பன் என எழுதிக் கணக்கப்பிள்ளை வேறுபடுத்துவார். அன்றேற் கங்காணியின் பெயராலும் செக்ரோல் இலக்கத்தாலும் வேறுபடுத்துவார். வேறு தோட்டத்திற்குப் பெயர்ந்தால் இலக்கமும் மாறும். வீட்டிற் சின்னப்பொண்ணு எனப்பட்டவள் பேரேட்டில் மாரியாயி எனவும், பிறப்புச் சான்றிதழில் மாரியம்மா எனவும் வழங்கப்படுதல் உண்டு. தமிழ்ப் பெயரைச் செவியாற் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய எழுதுநர், இராமசாமி எனும் ஒரே பெயரை மூவகையாக எழுதுதலும் உண்டு. தோட்டத்தில் நிகழ்ந்த பிறப்பு, துரைக்கு அறிவிக்கப்பட்டு அவர்வழியே மாவட்டப் பதிவாளரைச் சேர்ந்தது. ஆகவே பெயர் ஒருவர் வாயினின்று மற்றொருவர் கைக்கு மாறுந்தோறும் பிழைக்கு இடமிருந்தது. கூலி கொடுத்தற்கு இவற்றால் இடையூறில்லை. ஆளைக் கங்காணி நேரில் அறிவார்.

இடையூறு விளைந்தது, அவ்வேடுகளிடம் முற்றிலும் வேறானதொரு வினா வினவப்பட்டபோதே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கையிற் பிறந்தமை மாத்திரம் போதாதெனக் கொண்டு தந்தை வழிப் பிறப்பையும் வினவியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதிக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டியது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்டு நாட்டில் இல்லாதிருத்தல் அத்தொடர்ச்சியைத் துண்டித்தது. கூலிக்கென எழுதிய ஏடு குடியுரிமைக்குச் சான்றாதல் வேண்டுமென்பதாயிற்று. ஒருவர் தோட்டம் மாறினாற் பழைய தோட்டத்துச் செக்ரோலில் அவர் பெயர் அற்றுப்போகும். அவர் இந்தியா சென்றாரோ, அடுத்த மலைக்குச் சென்றாரோ என அவ்வேடு உரையாது.

1951ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆந் திகதியோடு முடிந்த காலவெல்லைக்குள் ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் அடங்கியோர் ஏறத்தாழ 825,000 பேர். அச்சட்டத்தின்படி முடிவிற் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. ஆறிலொரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. இதற்கு அரசியல் நோக்கமே தலையாய காரணம் என்பதை மறுத்தற்கில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு இடங்களைப் பெற்ற இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1952இல் ஓரிடமும் பெறாமைக்கு வாக்குரிமை இழப்பே ஏதுவாயிற்று. ஆயினும் அந்நோக்கம் நிறைவேறுதற்குக் கருவியாய் நின்றது ஏட்டின் குறைபாடே.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வேறொரு வகையிற் கருதத்தக்கது. 975,000 பேர் எனத் தொகை கணிக்கப்பட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிபாயிற்று; எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு இரு நாடுகட்கும் சரிபாதியாக்கிற்று. இலங்கை நால்வரை ஏற்குந்தோறும் இந்தியா எழுவரை ஏற்றல் வேண்டுமென விகிதமும் வகுக்கப்பட்டது. மொத்தம் முதலில் எழுதப்பட்டது. அம்மொத்தத்திற்குப் பொருந்தும் பெயர்கள் பின்னரே தேடப்பட்டன. எக்கணக்கரும் பெயர்களை எழுதிய பின்னரன்றோ மொத்தம் இடுவர்?

ஏடுகள் கணினிக்குட் புகுந்த வரலாற்றை இனி நோக்குவாம். 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளர் எட்கார் கோட், தரவுகளை அட்டவணைகளாக வகுத்து, அவற்றைப் பொதுவான சாவிகளாற் தொடர்புபடுத்தும் முறையை வெளியிட்டார். ஒவ்வொரு நிரையையும் ஐயமின்றி இனங்காட்டுவது முதன்மைச் சாவி. ஓர் அட்டவணை மற்றோர் அட்டவணையைச் சுட்டுவதற்குக் கொள்வது அந்நியச் சாவி. 1992ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அக்செஸ் எனும் மென்பொருளை வெளியிட்டமையாற் சிற்றலுவலகங்களும் தரவுத்தளம் அமைத்தல் எளிதாயிற்று. அதே ஆண்டிலேயே, எழுபதுகளில் அரசுடைமையான இலங்கைத் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு மாறியது. இம்மென்பொருளில் வழிகாட்டி எனும் உதவி உண்டு. அது வினாக்களை ஒவ்வொன்றாய் வினவி, விடைகளைக் கொண்டு அட்டவணையும் வினவலும் அறிக்கையும் தானே ஆக்கித் தரும். ஆயின் வழிகாட்டி வினவாத வினாக்களும் உள. பிழைகள் பெரும்பாலும் அங்கேயே தோன்றுவன. அவற்றுட் சிலவற்றை மேற்கூறிய வரலாற்றின் துணையோடு விளக்கலாம்.

முதலாவது, சாவி பற்றியது. தொடர்பு வரையறுக்கப்படாத இரு அட்டவணைகளிலிருந்து புலங்களைத் தெரிந்தால் அறிக்கை வழிகாட்டி மேற்செல்ல மறுத்துத் தொடர்பை அமைக்குமாறு கூறும். இம்மறுப்புத் தடையன்று, நன்மையேயாம். பெயரைச் சாவியாகக் கொண்டு இவ்விடையூற்றைக் கடக்க முயல்வோர், மாரியாயியையும் மாரியம்மாவையும் இருவராக்குவர். கருப்பன் இருவரை ஒருவராக்குவர். தோட்டந்தோறும் மாறும் செக்ரோல் இலக்கமும் சாவியாகாது. தேசிய அடையாள அட்டை இலக்கம் பொருந்தும்; ஆயின் அதனை எழுத்துப் புலமாகவே அமைத்தல் வேண்டும். பழைய இலக்கத்தின் ஈற்றில் ஆங்கில எழுத்தொன்று உண்டு. 2016ஆம் ஆண்டுமுதல் வழங்கும் பன்னிரண்டு இலக்க எண்ணோ, வழக்கமான முழுவெண் புலத்தில் அடங்காது. அட்டை பெறாதார்க்கு அலுவலகம் தானே ஒரு நிலையான இலக்கம் வழங்குதல் தகும்.

இரண்டாவது, மொத்தம் பற்றியது. விண்ணப்ப அட்டவணையைக் குடும்ப உறுப்பினர் அட்டவணையோடு இணைத்து அறிக்கை எடுப்பின், ஒரு விண்ணப்பம் உறுப்பினர் எத்தனை பேரோ அத்தனை முறை தோன்றும். அங்ஙனம் எண்ணினால் 237,000 விண்ணப்பங்கள் 825,000 விண்ணப்பங்களாகிவிடும். யாதனை எண்ணுகின்றோம் என்பதை முதலிற் தெளிந்து, விண்ணப்பத்தைத் தலைப்பாகக் கொண்டு குழுப்படுத்தி, அவ்வட்டவணையைத் தனியே எண்ணுதலே இதற்குத் தீர்வு.

மூன்றாவது, திகதி பற்றியது. 5.8.1951 என்பதை இலங்கையர் ஆகஸ்டு 5 எனக் கொள்வர். வினவல் மொழியில் எழுதப்படும் திகதியை அம்மென்பொருள் அமெரிக்க வழக்கின்படி மாதத்தை முன்வைத்து மே 8 எனக் கொள்ளும். ஜூலையில் வந்த விண்ணப்பம் காலங்கடந்ததாகிவிடும். ஆண்டு, மாதம், நாள் எனும் ஒழுங்கில் எழுதின் இவ்வையம் நீங்கும்.

நான்காவது, பெயர்ப் பிழை. அட்டவணையிற் புலத்தின் பெயரை மாற்றிவிட்டு அறிக்கையில் மாற்றாதுவிடின், கணினி மதிப்பொன்றை உட்புகுத்துமாறு வினவும். அன்றேல் உரிய இடத்திற் பெயர் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் வினாக்குறியையும் இடும். தாம் அறிந்த பெயரும் தமக்கு இடப்பட்ட பெயரும் பொருந்தாமையை அது வெளிப்படையாக அறிவிக்கின்றது. தோட்டத்துப் பேரேடோ அங்ஙனம் வினவாது வாளா இருந்தது.

ஐந்தாவது யாவற்றினும் தலையாயது; வெற்றிடம் பற்றியது. பிரஜாவுரிமை எனும் புலத்தில் ஒன்றும் எழுதப்படாதிருப்பின், பிரஜை என்பாரைத் தேடினும் அவர் வாரார். பிரஜை அல்லாதாரைத் தேடினும் வாரார். இரு அறிக்கைகளிலும் இடம்பெறாது அவர் மறைவர். இரு நாடுகளின் ஏட்டிலும் இடம்பெறாது பல்லாண்டுகள் வாழ்ந்த நாடற்றோர் நிலையும் இதுவேயன்றோ? அவ்வாறே, பிறப்புப் பதிவும் பேரேடும் என்னும் இரண்டிலும் பொருந்தியோரை மட்டும் தருவதே வழக்கமான இணைப்பு. ஒன்றில் மட்டும் உள்ளார் சொல்லாமலே விடுபடுவர். இப்பிழைக்கு மருந்தும் அம்மென்பொருளிலேயே உளது. இணையற்ற பதிவுகளைக் காட்டும் வழிகாட்டி ஒன்றும், இரட்டைப் பதிவுகளைக் காட்டும் வழிகாட்டி ஒன்றும் அதன்கண் அமைந்துள்ளன. எந்த அறிக்கையையும் அச்சிடுமுன் இவ்விரண்டையும் இயக்கிப் பார்த்தல் கடனாகும்.

இவ்வரலாற்றின் முடிவு சிந்தித்தற்குரியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழும் இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. அம்மக்களின் பழைய ஏடுகள் அவ்வாண்டிற் திடீரெனத் திருந்திவிடவில்லை; காணாமற்போன செக்ரோல்கள் மீண்டு வரவுமில்லை. மாறியது வினாவே. பத்திரங்களைக் கட்டுக்கட்டாகக் காட்டுமாறு வேண்டாது, வாழ்ந்தமையை வெளிப்படுத்தும் ஒரு பிரகடனத்தைச் சான்றாகக் கொள்ள அரசு இசைந்தது. அரை நூற்றாண்டாக வெறுமையாய் இருந்த அறிக்கை, நிபந்தனை திருந்தியதும் நிறைந்தது. ஆகவே அறிக்கையிற் பெயர் இல்லையெனின், ஆள் இல்லையென முடிபுகொள்வதற்கு முன் வினவலைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இன்று மலையகப் பாடசாலைகளின் சேர்வு இடாப்பும், ஊழியர் சேமலாப நிதிப் பதிவும் கணினிக்குள் அமைகின்றன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்நிதியை முதுமையிற் பெறச் செல்லும் தொழிலாளிக்கு, ஓரெழுத்து வேறுபாடும் பெருந்தடையாகலாம். தகவல் தொழினுட்பத்தைப் பாடமாகக் கற்கும் மாணாக்கர் நாளை இவ்வேடுகளுக்குக் காவலராவர். அவர்கள் ஒரு பெயரை உட்புகுத்துமுன் அப்பெயருக்குரியாரிடம் உரத்துப் படித்துக் காட்டி, அவர் ஆம் எனக் கூறிய பின்னரே பதிவாராக. அரைப் பேர் கூலிக்கு ஏற்கலாம். ஒருவர் தம் வாழ்வுக்கு முழுப் பேரும் வேண்டும்.